வண்டிச் சாவி பறிபோன விவரம்

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு, தங்கை நெட்ரா எழுதுவது. நீயும் அத்தானும் உன் புது இடுப்பெலும்பும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆகவே சுகம் என்று வைத்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லித் தப்பக்கூடாது. மேசையின் தலைப்பக்கம் என் வீட்டுக்காரர் எல்டன். அவருக்கு வலப்பக்கம் மகன் கர்ட், அடுத்து அவன் பெண்டாட்டி ஷானா, அவர்கள் பெற்ற நாலும் வயசு வரிசைப்படி பிரைசன், மெக்கேலா, டாக்ஸ்டன், குட்டி ஓக்லி. இடப்பக்கம் என் மகள் ஜெனீல். எந்த விஷயத்துக்கும் வாய் திறக்காதவள், அன்றைக்கும் திறக்கவில்லை, அதையும் மனசில் குறித்து வைத்திருக்கிறேன். கடைசி நாற்காலியில் பக்கத்து வீட்டு பெவன். பெண்டாட்டி போன நாளிலிருந்து அடுப்பில் இறைச்சி வேகும் வாசனை பிடித்து ஞாயிறுதோறும் வந்துவிடுவார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பிறகு நான். பத்துப் பேர். கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மான் வேட்டை வாரத்துக்குப் பள்ளிக்கூடம் மூடுவார்கள் இல்லையா, ஐம்பத்தொரு வருஷமாக அந்த வாரம் எல்டன் துப்பாக்கியோடு மலைக்குப் போவார், நான் பிள்ளைகளோடு வீட்டில் கிடப்பேன். முதலில் என் பிள்ளைகள், இப்போது ஷானாவின் பிள்ளைகள். இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று துப்பாக்கியை மச்சான் பையனிடம் கொடுத்துவிட்டார் எல்டன். கொடுத்த கையோடு, எல்லோரும் கேட்கும்படி, "நெட்ரா, கல்யாணத்தப்போ தெக்கால செவப்புப் பாறை நாட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கல்லு வளைவைக் காட்டுறேன்னு சொன்னேன்ல. இந்த வாரம் போவோம். நீயும் நானும் மட்டும். கூட ஒரு குழந்தையும் வேணாம்" என்றார். எனக்கு ஜெல்லிக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. ஷானாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தன் பிள்ளைகளைத் தானே நாலு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற சேதி ஒரு பெண்ணை அப்படி வெளுக்க வைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அம்மா, அப்பா ஜூன் மாசம் சபை வாசல்ல பூப்பாத்தி மேல வண்டிய ஏத்தினாரு. மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. அந்தப் பூவை நட்டது ஆர்லீன் பீட்டர்சன். ஏத்தினதுல ஒரு தப்பும் இல்லை" என்றேன்.

ஆர்லீன் பீட்டர்சனைப் பற்றி உனக்கே தெரியும், மாவட்டச் சந்தைப் போட்டியில் நான் பாகில் போட்டு மூடின பீச் பழ பாட்டிலைப் பின்னுக்குத் தள்ளிப் பரிசு வாங்கினவள். அவள் பாட்டிலில் மேலாகக் காற்று நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"வெளையாட்டுப் பேச்சு வேணாம். போறதுன்னா போங்க. ஆனா தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷானாவுக்கு ஃபோன் பண்ணணும். உங்களைத் தேட ஆள் அனுப்புற நெலமை வந்துச்சுன்னா, அப்பா, பிக்கப் வண்டிச் சாவி எங்கிட்ட வந்துடணும். சம்மதமா?" என்றான் கர்ட். எல்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே "சம்மதம்" என்று சொல்லிவிட்டார். பெவன் சாட்சி. அக்கா, எங்கள் ஊரிலிருந்து மளிகைக் கடைக்கு முப்பது மைல். இன்றைக்குச் சாவி போனால் நாளைக்கு வீடு போகும், மறுநாள் கர்ட் வீட்டு நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் கட்டில் போடுவார்கள். அதற்குத் திரைச்சீலை நிறம்கூட ஷானா பார்த்துவைத்துவிட்டாள். மட்டமான ஊதா.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். வண்டியில் பிள்ளைகள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நீ கேட்டால், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். முதல் ஒரு மணி நேரம் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பின்னால் திரும்பி இரண்டு தடவை சீஸ் பிஸ்கட்டை நீட்டினேன், வாங்க ஆளில்லை. பெட்ரோல் போட நின்ற இடத்தில் நான் பெண்கள் கழிப்பறை வாசலில் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். எல்டன் வந்து "யாருக்காக நிக்கிற?" என்று கேட்கும் வரைக்கும் எனக்கே தெரியவில்லை. தலை எண்ணிப் பார்த்தேன், நாலு குறைந்தது. அப்புறம்தான் அவர்களைக் கூட்டியே வரவில்லை என்று உறைத்தது.

தங்குமிடம் ஷானா ஃபோனில் தேடிப் பிடித்தது. "புதுசா கல்யாணமானவங்க தங்குற இடம் அத்தை, அவ்வளவு அழகு" என்று சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்தால் கூடாரம். சுவர் கிடையாது, துணி. கழிப்பறை அறுபத்திரண்டு காலடி தள்ளி, நான் எண்ணினேன். படுக்கையெல்லாம் காகிதத்தில் செய்த ரோஜா இதழ், நடுவில் வெள்ளைத் துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். எல்டன் கண்ணாடி போடாமல் உள்ளே போனவர், வாத்து புகுந்துவிட்டது என்று தொப்பியைக் கழற்றி விளாசிவிட்டார். வேட்டைக்குப் போகாத வருஷம் அவர் அடித்தது அது ஒன்றுதான். மூன்று நாளும் அந்தக் காகித இதழ் என் காலுறைக்குள் இருந்தது. இப்போதும் ஒன்று இருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வளைவுக்குப் போகும் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே வனத்துறைப் பெண் ஒருத்தி, ஓக்லிக்கு அக்கா மாதிரி இருப்பாள், தொப்பி மட்டும் பெரிசு, போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கறுப்பாகப் பொரிந்து கிடக்கும் மண்ணில் கால் வைக்காதீர்கள், அதற்கு உயிர் இருக்கிறது என்றாள். சரி என்றேன். பிறகு, "சுற்றுலா வர்றவங்க ஃபோட்டோவுக்காகக் கல்லு மேல கல்லு அடுக்கி வச்சுட்டுப் போயிடறாங்க பாட்டி, அதையெல்லாம் கண்ட எடத்துல நாங்களே தள்ளி விட்டுடுவோம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. போன கோடையில் வெளியூர்க்காரர்கள் நாலு பேர் என் ருபார்ப் செடிப் பாத்திக்குக் கரை கட்டியிருந்த கல்லைப் பிடுங்கி வாய்க்காலோரம் கோபுரம் அடுக்கி, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்களே, உனக்கு அப்போதே எழுதினேன். அவர்கள் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒருத்தனுக்கு மோதிரம் போட்ட புருவம். அவள் மேலே என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல பெண் அரை வாக்கியம் சொன்னால் போதும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன் என்று போய்விட்டேன். எல்டன் நின்று முழுக்கக் கேட்டார்.

அந்த மீதி வாக்கியம் என்னவென்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. வெறும் பாறையில் பாதை பதியாது, அதனால் பாதை காட்ட வனத்துறையே அங்கங்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கு வைத்திருக்கிறதாம். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியுமாம். அதை மட்டும் யாரும் தொடக்கூடாதாம்.

நான் பதினொன்றை உதைத்தேன் அக்கா.

எல்டன் முன்னால் போனார், நான் பின்னால். அவருக்குக் காது மந்தம், வெயில் எங்கள் முதுகில். முதல் அடுக்கைப் பார்த்ததும் ருபார்ப் பாத்தி கண் முன்னால் வந்துவிட்டது. காலால் ஒரு எத்து. சரிந்தது. என்ன சுகம் என்கிறாய். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. பெரிதாக இருந்ததைக் கையால் பிரித்து, கல்லை நாலு பக்கமும் பரப்பி வைத்தேன், திரும்பி வந்து அடுக்கிவிடக்கூடாது பார். நம் அரசாங்கத்துக்கு என்னால் ஆன உதவி என்றுதான் நினைத்தேன். வீட்டில் பிள்ளைகளைத் துரத்தித் துரத்திப் போன முழங்கால், அன்றைக்குப் பதினாறு வயசு முழங்கால் மாதிரி வேலை செய்தது.

வளைவைப் பார்த்தோம். அதை எழுதாமல் விடக்கூடாது. பாறை இந்தப் பக்கமிருந்து கிளம்பி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது, நடுவில் வானம். எல்டன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றின, சர்க்கரைத் தூள் தூவின டோனட் இரண்டை எடுத்தார், நசுங்கியிருந்தது. "இதுக்கா அம்பத்தோரு வருஷம் காக்க வச்சீங்க?" என்றேன். "கல்லு எங்க போயிடப்போவுது? நீதான் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒண்ணை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னே" என்றார். பழக்கதோஷத்தில் கிளம்புமுன் தலையை எண்ணினேன். ஒன்று. எல்டன். அந்த ஒன்றைத் தொலைத்துவிடக்கூடாது என்று தோன்றியது. இவ்வளவுதான் அந்தப் பயணத்தில் நன்றாக நடந்தது.

திரும்பும்போது கொஞ்ச தூரம் வேகமாக நடந்தவர், ஒரு மேட்டில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு, எல்லா மேடும் ஒரே மேடு. "நெட்ரா, காலையில இங்க ஒரு கல்லடுக்கு இருந்துச்சே?" என்றார்.

"நான் பாக்கலை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அவர் அதைத் தேடின தினுசிலேயே என்னவோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்துவிட்டேன்.

இன்னும் அரை மணி நடந்தோம். வெயில் ஏறியது. "இங்க ஒண்ணு இருந்துச்சு. பெரிசா. நிச்சயமா பாத்தேன்."

"உங்க பிரமை" என்றேன். கையால் பிரித்துப் பரப்பினேனே, அந்தப் பெரிசு. அதன் கல் ஒன்றின் மேல்தான் அப்போது உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது தடவை ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். குரல் தாழ்ந்துவிட்டது. "நெட்ரா, நான் கல்லடுக்கைப் பாத்தேனா, இல்லையா? நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்." நான் சீஸ் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன். "இல்லை எல்டன்" என்றேன். அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அப்போ கர்ட் சொன்னது சரிதான் போல. தலைக்குள்ள என்னமோ கழண்டுக்கிட்டுது" என்றார்.

அக்கா, ஐம்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பாறை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. பிள்ளைகளுக்காகப் பழக்கத்தில் எடுத்து வந்த பழச்சாறு டப்பா நாலு இருந்தது, ஆளுக்கு இரண்டு, குட்டிக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். ஃபோனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

ஐந்து மணிக்கு ஃபோன் வரவில்லை. ஐந்து பத்துக்கு ஷானா ஷெரீஃபைக் கூப்பிட்டுவிட்டாள். பத்து நிமிஷம் பொறுக்க முடியவில்லை அந்தப் பெண்ணுக்கு. மீட்புக்குழுவில் வந்தது நாலு பேர், கயிறு, ஸ்ட்ரெச்சர், ஒரு நாய். முன்னால் வந்தவன் யார் என்கிறாய்? ஆர்லீன் பீட்டர்சனின் மூத்த மகன் ட்ராய். அந்தப் பக்கம் பெண் எடுத்துக் குடியேறினவன். மாநிலத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி. எங்களை எழுப்பி, பாறையைச் சுற்றி நடத்திக்கொண்டு போனான். பாறைக்கு அந்தப் பக்கம் எங்கள் பிக்கப் நிற்கிறது. முன்னூறு காலடிகூட இருக்காது. பகல் பூராவும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"உங்க மேல தப்பில்லை, அம்மா" என்றான் ட்ராய், மேலே ஒரு வெள்ளிக் காகிதத்தைப் போர்த்திவிட்டுக்கொண்டே. "எவனோ பாதை அடுக்கு பதினொண்ணையும் ஒண்ணு விடாம தட்டிட்டுப் போயிருக்கான். கல்லைப் பரப்பி வேற வச்சிருக்கான். சின்னப் பசங்க வேலைதான். பெத்தவங்க வளர்ப்பு அப்படி." நான் நாயைத் தடவிக்கொடுத்தேன். எல்டன் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் கர்ட் வந்தான். எல்டன் நினைத்திருந்தால் ட்ராய் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வழி மறந்துடுச்சுப்பா" என்று மட்டும் சொல்லி, சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். நகம் உடைந்தது கழற்றும்போது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஜெனீல் மாதிரி வாய் திறக்காமல் நின்றேன்.

அதிலிருந்து பதினாறு நாள் ஆகிறது. மனுஷர் நாளுக்கு நாள் தேய்கிறார். என்ன கேட்டாலும் "ஞாபகம் இல்லை" என்கிறார். சட்டை முன்பக்கம் வெள்ளையாகச் சர்க்கரைத் தூள் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்றால் தெரியாது என்கிறார். நான் ஷானா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற செவ்வாயும் வியாழனும்தான் இது அதிகம். தனியாக விட்டதால் புத்தி இன்னும் கலங்குகிறதோ என்று அழுகை வருகிறது. ஷானா நேற்று நிலவறை ஜன்னலுக்கு அளவெடுத்தாள். நான் உண்மையைச் சொன்னால், பாதை அடுக்கை உதைத்த கிழவிக்குத்தான் மூளை கழன்றுவிட்டது என்று இரண்டு கட்டிலுக்குப் பதில் எனக்கு முதியோர் விடுதி பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் தன்னைப் பைத்தியம் என்று நம்பிக்கொண்டே சாவார். நீ மூத்தவள், நான் பத்தாவதோடு நின்றவள். என்ன செய்ய என்று ஒரு வரி எழுது.

யார் யார் மேல் எனக்குக் கோபம் என்று உனக்குத் தெரியும். எல்லோரையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஷானாவை மன்னித்துவிட்டேன், அந்தப் பத்து நிமிஷ அவசரம் இல்லாவிட்டால் பாறையடியில் விறைத்திருப்போம். கர்ட்டை மன்னித்தாயிற்று. ஜெனீலையும். ஆர்லீன் பீட்டர்சனைக்கூடப் பாதி மன்னித்துவிட்டேன், மகனை ஒழுங்காக வளர்த்திருக்கிறாள், காற்று நின்ற பாட்டில் வேறு விஷயம். புருவத்தில் மோதிரம் போட்டவன் எக்கேடும் கெடட்டும். அத்தானுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உன் இடுப்புக்கு ஆண்டவன் துணை. அந்த மேசையில் இருந்த பத்துப் பேரில் என் மூச்சு இருக்கிற வரைக்கும் நான் மன்னிக்கப்போவதில்லை என்று முடிவு செய்த ஒரே ஆள்:

நெட்ரா சோரன்சன்.

பின்குறிப்பு: மேலே உள்ள பெயரை அடித்துவிடு.

தபால்தலை எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், எல்டன் மேசையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியோடு இதை முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். "பன்னெண்டு" என்றார். என்ன பன்னிரண்டு என்றேன். "நீ ஒதைச்சது பன்னெண்டு. வளைவுகிட்ட ஒரு குட்டி இருந்துச்சு, அதைக் கணக்குல உட்டுட்டே. ட்ராயும் எண்ணலை." நான் தபால்தலையை மேசையில் வைத்தேன். "எனக்குக் காதுதான் மந்தம். காலை வெயிலு முதுகுல, உன் நெழலு எனக்கு முன்னால பத்தடி நீண்டு போவுது. ஒவ்வொரு தடவையும் நெழலு காலைத் தூக்குது."

"தெரிஞ்சா ஏன் தடுக்கலை?"

"அம்பத்தோரு வருஷத்துல நீ எதையாவது ஒதைக்கும்போது நான் தடுத்திருக்கேனா? வழியை மனசுல வச்சுக்கலாம்னு நெனச்சேன். திரும்பி வரச்சே ஏழு எடம் வரைக்கும் சரியா கொண்டுவந்தேன், அப்புறம் போயிடுச்சு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் இல்லைன்னே. சரி, நாலாவது தடவை கேக்காமலே சொல்றியான்னு பாத்தேன். பதினாறு நாள்."

அப்போ சாவியை ஏன் கொடுத்தீர்கள் என்றேன். எழுந்து கேரேஜுக்குப் போனார். என் பீச் பழ பாட்டில் அடுக்கின பலகையில், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து என் முன்னால் வைத்தார். வாசலில் சும்மா நிற்கிறதாக நான் நினைத்திருந்த பிக்கப்புக்கு இன்னொரு சாவி. வளையத்தில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருக்கிறது. செவ்வாயும் வியாழனும் நான் கிளம்பின கால் மணியில் இவர் கிளம்பி, முப்பது மைல் போய் டோனட் தின்றுவிட்டு, முப்பது மைல் வந்து, நான் வருமுன் நாற்காலியில் சாய்ந்து ஞாபகமில்லாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெவனும் கூடப் போயிருக்கிறார். நான் பதினாறு நாள் சோறு இறங்காமல் இந்த மனுஷருக்காக முழங்காலில் நின்று ஜெபம் செய்திருக்கிறேன்.

நீ ஒரு வரியும் எழுத வேண்டாம். அடுத்த வியாழன் நாங்கள் இருவரும் திரும்ப அங்கே போகிறோம், அந்தப் பன்னிரண்டையும் நான் அடுக்கி வைக்க வேண்டுமாம், அவர் எண்ணுவாராம். கர்ட்டிடம் மூச்சு விடாதே. அடித்த பெயருக்குப் பக்கத்தில் உன் கையாலேயே இதை எழுதிக்கொள், பெரிய எழுத்தாக:

எல்டன் சோரன்சன்.